வாடகை வீட்டு எருக்கு

மில்லர்புரத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் பக்கவாட்டில், காம்பவுண்டுச் சுவருக்கும் சமையலறைச் சன்னலுக்கும் நடுவே கொஞ்சம் வெறும் மண் இருக்கிறது. எங்கள் தெருவில் சிமென்ட் பூசாமல் மிச்சமிருக்கும் மண் அது ஒன்றுதான். வண்டும் வண்ணத்துப்பூச்சியும் வந்து போவதற்காக அதை அப்படியே விட்டுவைக்கப் பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன். பெரிய சாதனை எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காபி டம்ளரைக் கீழே வைத்தவர், நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. நாங்கள் இருந்த துறைமுகக் குடியிருப்பு அவருடைய உத்தியோகத்துக்குக் கொடுத்த வீடு. ஆள் போனால் வீடும் போகும். கெடு கொடுத்தார்கள், காலி செய்தேன். நான் அழவில்லை. வேண்டுமென்று அடக்கவும் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். பத்தாம் நாள் என் கழுத்திலிருந்து தாலியை எடுத்தபோது சுற்றி நின்ற பெண்களெல்லாம் கதறினார்கள். அவர்களில் ஒருத்திக்கு மூச்சு வாங்கியது. அவளுக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் என்று நான்தான் சொன்னேன். அன்றிலிருந்து தாமிரபரணிக் கரையில் நான் பிறந்த பெருமாள் கோயில் ஊர் முழுக்க எனக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பெயர். வைத்துவிட்டுப் போகட்டும்.

பல் பிடுங்க ஊசி போட்ட தாடையைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. தொடுவது தெரியும், வலி தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குத் தாவரவியல் நடத்தினேன். வீட்டுக்கு வந்து ஒரு ஆளுக்குச் சோறு வடித்தேன். ஒரு ஆளுக்கு வடிப்பதற்குக் கை பழக நாளாயிற்று. அதுவும் ஒரு துக்கமாகத் தெரியவில்லை, அளவுப் பிழையாகத்தான் தெரிந்தது.

வீட்டுக்காரர் மார்க்கெட்டில் மளிகை மொத்தக்கடை வைத்திருக்கிறார். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மண்ணைக் கண்டால் அவருக்கு ஆகாது. பனங்காட்டு ஊரில் புழுதியில் வளர்ந்தவர், டவுனுக்கு வந்தும் எதற்குப் புழுதி என்று நினைப்பவர். நான் குடிவந்த மாசி மாதமே பக்கவாட்டு மண்ணில் நின்றுகொண்டு, அங்கிருந்த முருங்கை மரத்தைக் கையால் தட்டினார்.

“டீச்சர், இந்த மலட்டு மரத்த வெட்டிட்டு இங்கன பூராத் தளம் போட்டுருதேன். துணி காயப்போட, வண்டி நிப்பாட்ட ஒங்களுக்கும் வசதியா இருக்கும்லா?”

“மலட்டு மரமா?”

“பூக்கும். கூடை கூடையாக் கொட்டும். காய் ஒண்ணு கெடையாது. முருங்கை வச்சவன் வெறுங்கையோட போவாம்பாவ. நான் இத வச்சிட்டு வெறுங்கையோடதான போயிக்கிட்டிருக்கேன்.”

அவர் சொன்னதற்கு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மரத்தில் குற்றமில்லை, வண்டு வராததுதான் குற்றம் என்றேன். முருங்கைப் பூவைத் தள்ளித் திறந்து உள்ளே போக உடம்பில் கனம் வேண்டும். கட்டைவிரல் நுனி அளவுக்குக் கறுப்பாக, ரீங்காரத்தோடு சுற்றும் கருவண்டுதான் அதற்குச் சரியான ஆள். முருங்கை பூக்கும்போது மட்டும் அது எங்கிருந்து வரும்? மற்ற மாதங்களிலும் அதற்குப் பக்கத்திலேயே பூவும், கூடு வைக்க உலர்ந்த கட்டையும் இருக்க வேண்டும். தெரு முழுக்கத் தளம் போட்டாகிவிட்டது, அது எங்கே போய்ச் சாப்பிடும் என்று கேட்டேன்.

“வண்டுக்குச் சாப்பாடு போடணும்னு சொல்லுதீய.”

“ஒரு வருஷம் குடுங்க அண்ணாச்சி. அடுத்த பங்குனில காய் வரலைன்னா வெட்டிக்குங்க, தளமும் போட்டுக்குங்க.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை. மரத்தின் மேல் பாசம் ஒன்றும் கிடையாது. ஒரு மரத்தை மலடு என்று தப்பாகச் சொன்னார். தப்பைக் கேட்டால் திருத்துவது வாத்தியார் புத்தி. அவர் என் நெற்றியைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, சரி, உங்கள் இஷ்டம் என்றார். புருஷனை இழந்தவளிடம் முதல் சந்திப்பிலேயே முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த வருடம் எல்லோரும் எனக்கு எல்லாவற்றையும் அப்படித்தான் கொடுத்தார்கள்.

தோட்டம் என்று சொன்னால் பூங்கா மாதிரி நினைத்துக்கொள்வார்கள். இங்கே போர் தண்ணீர் உப்பு. வாளியில் ஒரு வாரம் பிடித்து வைத்தால் விளிம்பில் வெள்ளையாகப் படியும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் புழுதி வேறு. மல்லிகை வைத்தேன், கருகியது. செம்பருத்தி வைத்தேன், இலை விளிம்பெல்லாம் பொரிந்து அதுவும் போனது. பிறகு எது சாகாதோ அதை வைப்பது என்று முடிவு செய்தேன். நித்தியகல்யாணி, துளசி, தானாக முளைத்த தும்பை. அரிசி களைந்த தண்ணீரை இவற்றுக்கு ஊற்றினேன். பழைய ஓட்டு வீட்டை இடித்த இடத்திலிருந்து ஒரு பனங்கட்டையை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து, வண்டு துளை போடட்டும் என்று சுவரோரம் சாய்த்து வைத்தேன். தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தேன், பூச்சி முங்காமல் குடிக்க. சருகைப் பெருக்கவில்லை. கொசுப்புகை அடிக்கும் மெஷினோடு மாநகராட்சி ஆள் வந்தால், எங்கள் சுவரைத் தாண்டிப் போய் அடிக்கச் சொல்லி வாசலில் நின்று மல்லுக்கட்டினேன். இவ்வளவையும் ஆசையாகச் செய்தேன் என்று எழுதினால் அது பொய். வகுப்பில் போர்டைத் துடைப்பது போலத்தான் செய்தேன்.

எருக்கை நான் வைக்கவில்லை. மூலையில் கிடந்த ஓட்டுச் சில்லையும் உடைந்த தொட்டியையும் அகற்றியபோது அடியில் நின்றது. எங்கிருந்தோ பஞ்சோடு பறந்து வந்த விதை. உப்புத் தண்ணீர், வெயில், வறட்சி எதற்கும் அசையாமல் வளர்ந்து, ஆடி மாதத்தில் என் தோளைத் தொட்டுவிட்டது. வெளிர் ஊதாப் பூ, கொத்துக் கொத்தாக. ஒரு நாள் காலை காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சன்னலுக்கு வெளியே ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் உறுமுவது போல ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் எருக்கம்பூவில் கருவண்டு. வருடம் முழுக்கப் பூக்கிற எருக்கு இருந்தால் வண்டு இங்கேயே தங்கும். முருங்கை பூக்கும்போது பக்கத்திலேயே இருக்கும். கணக்கு சரியாக வந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது, ஆனால் கத்தியைக் கீழே வைத்திருந்தேன்.

அப்புறம் இலைகளில் வரி வரியாகப் புழுக்கள் வந்தன, கறுப்பு வெள்ளை மஞ்சளில். எருக்கிலையைத் தின்று வளர்ந்து ஆரஞ்சுச் சிறகோடு பறக்கிற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள்.

அந்த ஆடியிலேயே அண்ணாச்சி தண்ணீர்த் தொட்டி பார்க்க வந்தார். மூலையைப் பார்த்ததும் காலில் முள் குத்தியவர் போல நின்றுவிட்டார்.

“என்ன டீச்சர் இது! வீட்டுக்குள்ள எருக்க வளத்து வச்சிருக்கீய!”

இந்தப் பக்கத்தில் ஒருவர் குடியைக் கெடுக்க வேண்டுமென்றால், உன் வீட்டில் எருக்கு முளைக்க என்றுதான் மண்ணை வாரித் தூற்றுவார்கள். ஆளில்லாமல் இடிந்த வீட்டில்தான் எருக்கு நிற்கும். எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் மறந்துபோனது. வண்டுக் கணக்கு மட்டும்தான் மண்டையில் இருந்தது.

“படிச்சவங்க நீங்களே இப்படிச் செய்யலாமா? ஏற்கனவே ஒங்களுக்கு…” என்று தொடங்கியவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஏற்கனவே எனக்கு ஆனது ஆச்சு அண்ணாச்சி. இனிமே எருக்கு வந்து என்ன செய்யப் போகுது?”

“ஒங்களுக்கு ஆச்சு. வீடு எனக்குலா?”

அது நியாயமான பேச்சு. ஆடியில் செடியில் கை வைக்க வேண்டாம், ஆவணி பிறக்கட்டும், ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது எருக்கைத் தொடாமல் சுவரை ஒட்டி நகர்ந்து போனார்.

ஆவணி பிறந்தது. ஆள் வரவில்லை, அண்ணாச்சியே வந்தார். கூடவே அவர் மனைவி, கையில் ஆத்தூர் வெற்றிலையும் பழமும் பூவும் வைத்த தட்டு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டைப் பார்த்ததும் வீட்டை விற்றுவிட்டார்களோ என்று நினைத்தேன்.

விஷயம் இதுதான். அண்ணாச்சியின் தம்பி துறைமுகத்துக்கு லாரி ஓட்டுபவர். மூத்த தாரம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். இரண்டாவது மனைவியைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்து வந்தபோது கயத்தாறு பக்கம் பைபாஸில் விபத்து. அவள் அங்கேயே போய்விட்டாள், ஓட்டிய இவருக்கு ஒரு கீறல் இல்லை. இப்போது ஆத்தூரில் ஒரு பெண் அமைந்திருக்கிறது. ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள், வயது கடந்தும் கல்யாணம் ஆகாதவள். மூன்றாம் தாரம் தங்காது என்பார்கள். அதனால் ஜோசியர், மூன்றாவது தாலியை எருக்குக்குக் கட்டி, அதை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, நாலாவதாக இந்தப் பெண்ணுக்குக் கட்டச் சொல்லியிருக்கிறார். வருகிற கெடுதலை எருக்கு வாங்கிக்கொண்டு போய்விடும்.

“ரோட்டோரம் எத்தனையோ எருக்கு நிக்குதே அண்ணாச்சி?”

அவர் மனைவிதான் பதில் சொன்னார். “கல்யாணப் பொண்ணு ரோட்டோரமா நிக்கும்? நாய் காலத் தூக்குத எடம். நம்ம சொந்த மண்ணுல, வேலிக்குள்ள, சுத்தமா நிக்கணும்னுட்டாவ. ஒங்க வீட்டுலதான் தண்ணி ஊத்தி வளத்திருக்கீய.”

போன மாதம் குடிகெடுக்க வந்த செடி, இந்த மாதம் கல்யாணப் பெண். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். கட்டிக்குங்க, ஆனால் வெட்டாமல் விட முடியுமா, வண்டு வருகிறது, புழு இருக்கிறது என்று கேட்டேன். அண்ணாச்சி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “செடி சாவலைன்னா அந்தப் புள்ளைக்குலா ஆபத்து” என்றார். மண் அவருடையது. தட்டை வாங்கிக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை காலை வந்தார்கள். அண்ணாச்சி, அவர் மனைவி, ஜோசியர், தம்பி. நான்கே பேர். தம்பிக்கு ஐம்பதை ஒட்டி வயதிருக்கும். புது வேட்டி, புதுச் சட்டை, காலரில் மடிப்புக்கு வைத்த அட்டையைக்கூட எடுக்கவில்லை. அண்ணாச்சி மனைவி என்னிடம் வந்து, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே, “டீச்சர், தப்பா நெனைக்காதீய. முடியுத வரைக்கும் கொஞ்சம் உள்ள இருந்துக்கிடுதீயளா?” என்றார். தாலி கட்டுகிற இடத்தில் நான் கண்ணில் படக்கூடாது. சரி என்றேன். அவர்தான் கூசிப்போனார், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

சமையலறைச் சன்னலில் நின்று பார்த்தேன். அதைக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எருக்குக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். தண்டில் குங்குமம் வைத்து, சிவப்பு ரவிக்கைத் துணியைச் சுற்றினார்கள். பூவைச் சாத்தினார்கள், பூத்திருக்கிற செடிக்கே. ஜோசியர் ஏதோ சொல்ல, தம்பி மஞ்சள் கயிற்றை எடுத்து மூன்று முடிச்சுப் போட்டார். அண்ணாச்சி மனைவி சன்னமாகக் குலவையிட்டார். பிறகு கொஞ்சமும் தாமதிக்காமல் ஜோசியர் கையை நீட்டிக் காட்டினார். அந்த அம்மாவே கயிற்றை அறுத்து எடுத்தார். மஞ்சள் காயவில்லை. எனக்கு அறுத்தது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்றால் படம் மட்டும்தான் வந்தது, சத்தம் வரவில்லை.

“வேரோட வரணும். துண்டு நிக்கக்கூடாது” என்று ஜோசியர் அரிவாளையும் மண்வெட்டியையும் காட்டினார்.

தம்பி அரிவாளை வாங்கிக்கொண்டார். “நீங்கல்லாம் முன்னால போங்க. நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

“ஏலே, சீக்கிரம் முடிச்சிட்டு வா. நல்ல நேரம் போயிரும்” என்று அண்ணாச்சி மற்றவர்களை அழைத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

தம்பி குனிந்ததும் சன்னல் திட்டு மறைத்துவிட்டது. அரிவாள் விழும் சத்தமும், பிறகு மண்வெட்டி மண்ணைத் தள்ளும் சத்தமும் கேட்டன. நிமிர்ந்தபோது புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நான் யார் பார்வையிலும் படக்கூடாது என்று சொன்னதையெல்லாம் மறந்து, செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

“கண்ணுல பால் பட்டுடுச்சா?”

“இல்லம்மா. படல.”

செம்பை வாங்கிக் கையைக் கழுவினார். பால் பிசுபிசுவென்று போகாமல் ஒட்டியது. கழுவிக்கொண்டே, “பூச்சி நெறைய இருந்துச்சு. ஒதுக்கி வச்சிருக்கேன்” என்று பனங்கட்டையைக் காட்டினார். புழு இருந்த இலைகளையெல்லாம் தனியாகக் கிள்ளிக் கட்டையின் மேல் அடுக்கியிருந்தார். மற்றக் கிளைகளைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எருக்கு நின்ற இடத்தில் மண் மேடாக மிதிக்கப்பட்டிருந்தது. நான் இலைகளை ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு எடுத்துப்போய், உப்பளத்துக்குப் போகும் ரோட்டோரம் நின்ற எருக்குகளில் ஒவ்வொரு புழுவாக ஏற்றிவிட்டு வந்தேன். மறுவாரம் கல்யாணம் ஆத்தூரில் நடந்ததாக அறிந்தேன். எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை, வைத்தால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

வண்டு வருவது நின்றுவிட்டது. சமையலறை அமைதியாக இருந்தது. அது பிடிக்கவில்லை எனக்கு. பிடிக்கவில்லை என்று தெரிந்தது ஆச்சரியமாகவும் இருந்தது, ஏனென்றால் எதுவும் பிடிக்காமல்போய் வெகுநாள் ஆகியிருந்தது.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அந்த மண்மேட்டைத் துளைத்துக்கொண்டு வெள்ளைப் பொடி பூசிய தளிர்கள் எட்டிப் பார்த்தன. வேர் சாகவில்லை. எருக்கின் குணம் அது, தெரிந்ததுதான். முதலில் வண்டு திரும்பும் என்றுதான் தோன்றியது. அடுத்த நிமிடம் ஆத்தூர்க்காரியின் நினைவு வந்தது, முகமே தெரியாத அந்தப் பெண்ணின் நினைவு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் செடி சாகவில்லையென்றால் அவளுக்கு ஆபத்து என்று அவர்கள் எல்லோரும் நம்புகிறார்கள், அவளும் நம்பலாம். அவளுக்குத் தலைவலி வந்தால்கூட இந்தச் செடியைத்தான் தேடி வருவார்கள். நானே தோண்டி எடுத்துவிடுவது என்று மண்வெட்டியை எடுத்தேன். தளிருக்குப் பக்கத்தில் வைத்தேன். மிதிக்க முடியவில்லை. நீல நிறத் தண்ணீர் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து, வாசலிலிருந்து பார்த்தால் தெரியாதபடி முன்னால் நிறுத்தினேன்.

மார்கழிக் கடைசியில் டிரம்முக்குப் பின்னால் அது பூத்தது. வண்டு வந்தது. பனங்கட்டையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வட்டமாகத் துளை, அதன் கீழே மரத்தூள். தை, மாசியில் முருங்கை பூத்தபோது வண்டு இரண்டுக்குமாகப் போய்வந்தது. பங்குனியில் முருங்கையில் காய் தொங்கியது. ஏராளம் என்று சொல்ல மாட்டேன். பார்த்தவர் மலடு என்று சொல்ல முடியாத அளவுக்குத் தொங்கியது.

அண்ணாச்சிக்குப் போன் செய்து காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், ஒரு சனிக்கிழமை மாலை அவள் வந்தாள். கதவைத் தட்டிவிட்டு, நாற்பதை எட்டும் வயதில், பூப்போட்ட சேலையில் நின்றாள். வயிறு லேசாக மேடிட்டிருந்தது.

“டீச்சர், நான் ஆத்தூர்க்காரி. அண்ணாச்சியோட தம்பி வீட்டுக்காரி.” கொஞ்சம் நிறுத்தி, “என் சக்களத்தியப் பாக்கணும்” என்றாள்.

மறைக்கலாமா என்று நினைத்தேன். அவள் அதற்குள் பக்கவாட்டில் நடந்து டிரம் வரைக்கும் போய்விட்டாள். பின்னால் எட்டிப் பார்த்து, “இந்தா நிக்காளே” என்றாள். குரலில் கோபமா கேலியா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் போய் இரண்டு டம்ளர் காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் பனங்கட்டைக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேர் சாகல. எருக்கு அப்படித்தான், வெட்டினா தழையும்” என்றேன். “பிடுங்கணும்னா பிடுங்கிடலாம். நீ சொன்னாச் செய்துடறேன்.”

“அவரு பிடுங்கவே இல்ல டீச்சர். எல்லாரையும் போகச் சொல்லிட்டு, தரையோட வெட்டி, மண்ணத் தள்ளி மூடிட்டாராம். குழியத் தோண்டுனதும் கை வரலையாம். ரெண்டு பேரக் குழில வச்சாச்சு, இவளையும் என் கையாலயே தோண்டிப் போடணுமா, இவளாவது இருக்கட்டும்னு தோணிச்சாம். முழுகாம இருக்கேன்னு சொன்ன அன்னைக்குத்தான் பயந்துபோயி எங்கிட்ட சொன்னாரு. சொல்லிட்டு அழுதாரு.”

“நீ என்ன சொன்ன?”

“கோவந்தான் வந்துச்சு. எனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சும் ஒரு செடிக்கு எரக்கப்பட்டிருக்கீரேன்னு ஏசினேன். ஒரு வாரம் பேசல. அப்பறம் யோசிச்சுப் பாத்தேன். செடிக்கே எரக்கப்படுத மனுசங்கூட இருந்துறலாம்னு தோணிச்சு.” காபியை ஒரு வாய் குடித்தாள். “ஆனாலும் பாருங்க, என்னைய பைக்ல ஏத்த மாட்டேங்காரு. நான் பஸ்ல வாரேன், அவரு பின்னாலயே பைக்ல வாராரு. இப்பவும் தெருமுனைல நிக்காரு. உள்ள வரப் பயம்.”

எருக்கம்பூவில் கருவண்டு வந்து உட்கார்ந்தது. கிளை கனத்தில் லேசாகத் தாழ்ந்தது. அவள் பயப்படாமல் பார்த்தாள். அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். முதலில் குதித்தாராம். தளம் போடுவதாக இருந்தால் என்னையும் சேர்த்து வைத்துப் போடுங்கள், மூணாவதும் நாலாவதும் ஒன்றாக இருக்கட்டும் என்று இவள் சொன்னதும், அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டாராம். நான் முருங்கைக்காய் பறித்துத் தருகிறேன், அவரிடம் கொண்டுபோய்க் காட்டு என்றேன். சிரித்தாள்.

பிறகு என் கழுத்தைப் பார்த்தாள். எல்லோரையும் போல வேறு பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை.

“ஒங்களவரு எப்படி டீச்சர் போனாரு?”

எல்லோரிடமும் சொல்கிற பதிலைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை, காபி குடித்துக்கொண்டிருந்தார், டம்ளரைக் கீழே வைத்தார், எழுந்திருக்கவில்லை. அதோடு நிறுத்துவதுதான் வழக்கம். அன்றைக்கு வாய் நிற்கவில்லை.

“டம்ளர்ல பாதி காபி இருந்தது. கண்ண மூடி உட்காந்திருந்தாரு. தூங்கிட்டாருன்னு நினைச்சேன். காபி ஆறிடுச்சேன்னு எடுத்துட்டுப் போய்ச் சுட வச்சேன். கொண்டுவந்து கையில குடுத்தேன். பிடிக்கல. மறுபடியும் ஆறிடுச்சு. மறுபடியும் போய்ச் சுட வச்சேன்.”

எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அழுகை வந்தது. கல்நெஞ்சுக்காரி என்று சொன்ன ஊர் முழுக்கக் கேட்கும்படி அழுதேன். வலித்தது, தாடை, நெஞ்சு, வயிறு எல்லாம். அவர் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது போல இருந்தது. அவள் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நான் ஓய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு என் கையில் அப்படியே இருந்த டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஆறிட்டு, அக்கா” என்றாள்.

அதை என் விரல்களிலிருந்து எடுத்துக்கொண்டு, ஒரு கையை முழங்காலில் ஊன்றி எழுந்து, என் சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.